மோகனாவின் போத்தலில் மூன்று கரண்டி

அத்தியாயம் 14

போன வார இதழைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் போனவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெம்பானில் நடந்த ஓட்டத்தில், முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், நம் மோகனா மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் போட்டுக் கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் ஏற்றினார்கள். "இந்தப் பெண் ஓடும்போது எதுவுமே குடிக்கவில்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

குடிக்கவில்லைதான். வியர்த்து ஊற்றும்போது தண்ணீர் குடித்தால் வயிறு இழுத்துக்கொள்ளும், நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள் அவளைப் பெற்ற பவானேஸ்வரி. அதைப் பவானேஸ்வரி டாக்டரிடம் சொல்லவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த தன் புருஷனிடமும் சொல்லவில்லை.

புருஷன் இருளாண்டி கிலாங் பஸ், அதாவது தொழிற்சாலை பஸ், ஓட்டுகிறவர். தொழிற்சாலைப் பெண்களை வேலைக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பக் கொண்டுவருகிறவர். ஒரு நிமிஷம் பிந்தி வருகிறவளுக்காகவும் பஸ்ஸை நிறுத்தி வைக்காதவர். அவர் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பத்து பெரண்டாம் ஊருல நடக்குற ஓட்டம் ஒண்ணுதான் பாக்கி. அதுல விழாம வந்தா கோலாலம்பூரு பயிற்சியப் பத்திப் பேசலாம். விழுந்தா அதோட சரி. வேலைக்குப் போவா, வருவா. ஓட்டம் கிடையாது."

அந்தப் பத்து பெரண்டாம் ஓட்டம் இன்றைக்கு.

விடிந்தும் விடியாத நேரம். தாமான் குடியிருப்பு வீட்டுச் சமையலறையில் மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் போத்தல் நின்றது. கழுத்தில் சிவப்பு ரிப்பன். மோகனாவே கலக்கி மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தாள்.

கலக்கும் முறை பயிற்சி கொடுக்கிற ரெஜினால்ட் சொன்னது. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கே வந்து, கொடுத்த கோப்பியைக்கூடத் தொடாமல் சொன்னார். "ஒரு போத்தல் தண்ணி. கொஞ்சம் சீனி. விரல் நுனியில எடுக்கிற அளவு உப்பு. பாதி எலுமிச்சங்கா. அவ்வளவுதான். ஓட்டத்தன்னைக்குப் புதுசா எதையும் வாயில வைக்கக்கூடாது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். பவானேஸ்வரி, இருளாண்டி, இருளாண்டியின் தங்கை ஜெயமணி. மூன்று பேரும் பலமாகத் தலையாட்டினார்கள். நம் வீடுகளில் எல்லாரும் இப்படி ஒரே நேரத்தில் தலையாட்டினால் கொஞ்சம் கவலைப்பட வேண்டும் என்பது என் அனுபவம்.

பவானேஸ்வரி போத்தலைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தாள். வெறும் தண்ணீராகத் தெரிந்தது. விரல் நுனி அளவு உப்பாம். யாருடைய விரல்? மோகனா சாம்பார் வைத்தாலே உப்பு பற்றாது. அதே கைதானே இதையும் கலக்கியிருக்கும்?

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த முகம் நினைவுக்கு வந்தது. உதடு வெடித்து, கன்னம் உள்ளே போய், யாரோ ஒரு பெண் மாதிரி கிடந்தாள். பவானேஸ்வரி போத்தலின் மூடியைத் திறந்தாள். குளியலறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஒரு கரண்டி உப்பு, அது கரிக்காமல் இருக்க மூன்று கரண்டி சீனி. மூடியைத் திருகி நன்றாகக் குலுக்கிக் குளிர்பெட்டியில் வைத்தாள். எல்லாம் காதும் காதும் வைத்தாற்போல் முடிந்தது.

அப்புறம் அவள் சாமி விளக்கு ஏற்றப் போனாள். அங்கே நின்றபோது இருளாண்டி குளிர்பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. "அண்ணி, கொஞ்சம் ஐஸ் எடுத்துக்கவா?" என்று கேட்டுக்கொண்டே ஜெயமணி நேராகச் சமையலறைக்குள் போனாள். பவானேஸ்வரி இரண்டையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளையாரிடம் அவளுக்கு அன்றைக்கு நிறையப் பேச வேண்டியிருந்தது.

தொழிற்சாலை எல்லாருக்கும் மஞ்சள் டி-சட்டை கொடுத்திருந்தது. பவானேஸ்வரி அதைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். தாயும் மகளும் ஒரே தொழிற்சாலை. தாய் பெட்டியில் அடுக்கும் பிரிவு, மகள் மைக்ரோஸ்கோப்பில் எலக்ட்ரானிக் சில்லு பார்க்கும் பிரிவு. நைட் ஷிஃப்ட் முடிந்து மற்றப் பெண்கள் தூங்கப் போகும்போது மோகனா ஷூவை மாட்டிக்கொண்டு விமான நிலைய வேலி ஓரமாக ஓடப் போவாள். இரண்டு வருஷமாக அப்படித்தான்.

பஸ்ஸில் முன் இருக்கையில் மகள் மெதுவாகச் சொன்னாள். "மா, இன்னைக்கு மாநிலத்துலேர்ந்து புவான் ரொஹானின்னு ஒரு அம்மா வராங்களாம். பயிற்சிக்கு ஆள் எடுக்கறது அவங்கதான். இன்னும் ரெண்டு வருஷத்துல கோலாலம்பூர்ல காமன்வெல்த் விளையாட்டு. அதுக்குப் பொண்ணுங்கள தேடுறாங்க."

"நீ மொதல்ல விழாம வா."

"விழ மாட்டேன்லா. இன்னைக்குக் குடிப்பேன். நீ திட்டினாலும் குடிப்பேன்."

பவானேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டினாலும் குடிப்பேன் என்று பிள்ளை சொல்லும்படி நாம் வளர்த்திருக்கிறோமே என்று சுருக்கென்றிருந்தது.

ஓட்டம் ஏழு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டது. தொழிற்சாலைகளுக்கிடையே நடக்கிற ஓட்டம். பெண்களுக்கும் பத்துக் கிலோமீட்டர்தான். பாதி வழியில், ஐந்தாவது கிலோமீட்டரில், ஒரு நீளமேசை போட்டு அவரவர் போத்தல்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ஓடுகிறவர்கள் தங்கள் போத்தலை எடுத்துக் குடித்துக்கொண்டே போகலாம். மேசைக்கு இந்தப் பக்கம் பவானேஸ்வரியும் இருளாண்டியும் நின்றார்கள். ஜெயமணி மரத்தடியில் மோட்டாரை நிறுத்திவிட்டு, பார்க்க வந்தவர்களிடம் தன் சத்துமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஜெயமணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலாக்கா டவுனில் ஒரு கடை மாடியில் வாரம் ஒருநாள் கூட்டம் நடக்கும். கைதட்டுவார்கள், பாட்டுப் பாடுவார்கள், கடைசியில் தங்க நிற மூடி போட்ட டின்களைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். தசைக்குச் சத்து, எலும்புக்குச் சத்து, முடி கொட்டினாலும் அதுதான், தூக்கம் வராவிட்டாலும் அதுதான். ஜெயமணி கெட்டவள் இல்லை. புருஷன் போன பிறகு தன் காலில் நிற்க வேண்டும் என்று வைராக்கியமாக இருக்கிறவள். தான் விற்கிற டின்னைத் தானே முழுசாக நம்புகிறவள், அதுதான் சங்கடம்.

"வராங்க, வராங்க!" என்று யாரோ கத்தினார்கள்.

முதலில் ஒரு சீனப் பெண், அவளுக்குப் பின்னால் ஒரு மலாய்ப் பெண், மூன்றாவதாக மோகனா. மூச்சு சீராக இருந்தது. கால் லேசாக விழுந்தது. பவானேஸ்வரி மேசையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். இந்த மாதிரி ஓடுகிற பெண்ணை இவள் எங்கே வயிற்றில் வைத்திருந்தாள்?

மோகனா சிவப்பு ரிப்பன் போத்தலை ஒரே எட்டில் எடுத்தாள். மூடியைப் பல்லால் திறந்து, சொன்ன சொல் தவறாத பிள்ளையாக, மடமடவென்று நாலைந்து மடக்கு விழுங்கினாள்.

அப்புறம் அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கண் பிதுங்கியது. இருமினாள். பாதியைத் துப்பினாள், மீதி உள்ளே போய்விட்டது. போத்தலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், போத்தலை வீசிவிட்டு ஓடினாள். விழுந்த போத்தலிலிருந்து வெண்மையாக ஏதோ வழிந்தது. கூடவே, உப்புப் பழத்தின் சுருங்கிப்போன கொட்டை ஒன்று உருண்டு வந்து இருளாண்டியின் செருப்புப் பக்கத்தில் நின்றது.

ரெஜினால்ட் ஓடிவந்து போத்தலை எடுத்தார். முகர்ந்தார். உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினார். கஞ்சிபோல விழுந்தது.

"இதுல யாரு என்ன போட்டீங்க?"

எல்லார் கண்ணும் கீழே கிடந்த கொட்டை மேல் இருந்தது.

"அது… அசாம்போய் சார்," என்றார் இருளாண்டி. பஸ்ஸில் ஐம்பது பெண்களை அதட்டுகிற குரல் இப்போது தொண்டைக்குள்ளேயே நின்றது. "உப்பும் புளிப்புமா இருக்கும், தாகம் எடுக்காதுன்னு ரெண்டு போட்டேன். கூட குளுக்கோஸ் மாவு… நாலு கரண்டி."

"நீங்களும் போட்டீங்களா?" என்று பவானேஸ்வரி அலறினாள்.

"நீங்களும்னா? நீ வேற போட்டியா?"

"உப்பு. கொஞ்சம் சீனி."

"கொஞ்சம்னா?"

"அத இப்ப எதுக்குக் கேக்குறீங்க!"

ஜெயமணி மரத்தடியிலிருந்து மெல்ல நழுவப் பார்த்தாள். ரெஜினால்ட் திரும்பினார். "அக்கா, நீங்க?"

"ரெண்டே கரண்டிதான் சார். சத்து மாவு. தெம்பா ஓடட்டும்னு…"

"அலாமாக்!" ரெஜினால்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒவ்வொண்ணும் தனியா குடுத்திருந்தாலே வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். ஒங்க மூணு பேருக்கும் சேர்ந்து ஒரே போத்தலா கெடச்சுது?"

சிரிக்க வேண்டிய விஷயந்தான். மேசைக்குப் பின்னால் நின்ற மலாய்ப் பெண்கள் சிரித்தும் விட்டார்கள். ஆனால் ரெஜினால்ட் அடுத்துச் சொன்னதைக் கேட்டபோது பவானேஸ்வரியின் முகத்தில் ஈயாடவில்லை.

"இவ்வளவு கெட்டியா உள்ள போனா வயித்துலயே நிக்கும். அதக் கரைக்க ஒடம்புல இருக்கற தண்ணியத்தான் இழுக்கும். குடிச்சது உதவிக்கு வராம உபத்திரவத்துக்கு வரும். எட்டாவது கிலோமீட்டர்ல இன்னொரு மேசை இருக்கு. அங்க வெறும் தண்ணி வச்சிருக்காங்க. அதக் கொஞ்சங் கொஞ்சமா குடிச்சா தப்பிச்சுக்குவா."

"குடிப்பால்ல?" என்றார் இருளாண்டி.

"எப்படிக் குடிப்பா? வாழ்க்கையில மொத தடவையா ஓட்டத்துல வாயத் தொறந்து குடிச்சிருக்கா. குடிச்சதுக்கு இந்தக் கதி. நான் அவளா இருந்தா இனிமே மேசைப் பக்கமே திரும்ப மாட்டேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருளாண்டி அந்தக் கொட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். தன் கையாலேயே மகளை விழவைத்துவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. பவானேஸ்வரிக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. விழுந்தால் ஓட்டமில்லை என்று சொன்ன சொல்லை இனி அவரால் திரும்பப் பெற முடியாது. சொன்னதை மாற்றுகிற மனிதர் இல்லை அவர்.

"ஜெயா, மோட்டார எடு," என்றாள்.

"எங்க அண்ணி?"

"எட்டாவது கிலோமீட்டர் மேசைக்கு."

"பவானிக்கா, ஒண்ணு கேட்டுக்கோங்க," என்று ரெஜினால்ட் பின்னாலேயே வந்தார். "வழியில நீங்களா நின்னு தண்ணி நீட்டினா அவள ஓட்டத்துலேர்ந்தே தூக்கிருவாங்க. மேசையில இருக்கறத மட்டுந்தான் அவ குடிக்கலாம்."

மூன்று பிள்ளை பெற்றும் பவானேஸ்வரி மோட்டார் சைக்கிளில் ஏறினதில்லை. இருளாண்டி ஒரு காலத்தில் வாங்கி வைத்திருந்தபோதுகூட நடந்துதான் போவாள். இப்போது புடவையை ஒரு கையில் அள்ளிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நாத்தனார் இடுப்பைக் கெட்டியாகக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய சாலையை ஓட்டத்துக்காக அடைத்திருந்தார்கள். ஜெயமணி கம்போங் கிராமத்து வழியாக விட்டாள். கோழி பறந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய் அம்மாள் "மெதுவா போ!" என்று கத்தினாள்.

"அண்ணி, இடுப்ப விடுங்கலா, மூச்சு முட்டுது!"

"நீ ரோட்டப் பாரு!"

எட்டாவது கிலோமீட்டர் மேசை விமான நிலைய வேலிக்கு எதிரே இருந்தது. அடுக்கி வைத்த காகிதக் குவளைகள். வேறு தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பவானேஸ்வரி மூச்சிரைக்கப் போய் நின்றாள். ஓட்டத்தில் வேலை செய்ய வந்தவள் என்று நினைக்க உடம்பில் இருந்த மஞ்சள் சட்டை உதவியது.

"அடிக், சாயா தோலோங், போலே?" நான் உதவலாமா தங்கச்சி என்று கேட்டாள்.

அவர்களுக்கும் கை ஓய்ந்துபோயிருந்தது. சிரித்துக்கொண்டே இடம் விட்டார்கள். பவானேஸ்வரி ஒரு குவளையை எடுத்தாள். நீட்டுவதற்கு முன் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வெறும் தண்ணீர். இன்னொரு குவளை எடுத்துப் பாதியளவு ஊற்றி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதலில் சீனப் பெண் போனாள். அடுத்து மலாய்ப் பெண். பிறகு வெகு நேரம் யாரும் வரவில்லை.

வளைவில் மோகனா தெரிந்தாள். பிள்ளை ஒரு கையால் விலாவை அமுக்கிக்கொண்டு ஓடினாள். முகத்தில் ரத்தமே இல்லை. கால் தரையில் தட்தட்டென்று விழுந்தது. பெம்பானில் விழுவதற்கு முன்னாலும் இப்படித்தான் வந்தாள்.

"மோகனா! இங்க, இங்க!"

மோகனா பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டே மேசையைத் தாண்டப் போனாள்.

"நில்லுடி!"

அந்த அதட்டலில் ஓட்டக்காரி போய்ப் பத்து வயது மோகனா வந்து நின்றாள். போட்டியில் ஓடுகிறவள் நிற்பாளா? நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்த இரண்டு பெண்கள் அவளைத் தாண்டிப் போனார்கள்.

"வெறும் தண்ணிடி. நான் ஒண்ணும் போடல. இந்தப் பொண்ணுங்க ஊத்தினது. நானே குடிச்சுப் பாத்துட்டேன்."

"வயிறு இழுக்குது மா… நீதான சொல்லுவ, ஓடும்போது குடிச்சா…"

பவானேஸ்வரிக்குக் கண் நிறைந்தது. மேசைக்கு இருபுறமும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள்.

"நான் சொன்னது தப்புடி. எங்கம்மா சொன்னத நானும் சொன்னேன், எதுக்குன்னு தெரியாமலே சொன்னேன். ஒன்னப் பெம்பான்ல படுக்க வச்சது நாந்தான். இப்ப குடி. மெதுவா. கடகடன்னு வேணாம்."

மோகனா அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். குவளையை வாங்கினாள். ஒரு வாய், நிறுத்தி இன்னொரு வாய். இரண்டாவது குவளையில் பாதியைக் குடித்தாள், மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். நீளமாக மூச்சு விட்டாள்.

"போகவா மா?"

"போ தாயி."

நடந்தாள். நடை கொஞ்சம் வேகமானது. வேலி முடிகிற இடத்தில் ஓடத் தொடங்கினாள். மகள் விலாவிலிருந்து கையை எடுத்ததைப் பார்த்த பிறகுதான் பவானேஸ்வரி கையிலிருந்த காலிக் குவளையைக் கீழே வைத்தாள்.

மறுபடி மோட்டார், மறுபடி நாத்தனார் இடுப்பு. முடிவுக் கோட்டுக்கு இவர்கள் போய்ச் சேர்ந்தபோது முதல் இரண்டு பேரும் வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தார்கள். மூன்றாவது ஒரு பெண் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாலடி பின்னால், வழியில் ஒருத்தியை முந்திவிட்டு, அடுத்தவளையும் எட்டிப் பிடிக்கப் பார்த்து முடியாமல், நாலாவதாக மோகனா வந்தாள். தன் காலால் வந்தாள். கோட்டைத் தாண்டினாள், கொஞ்சம் நடந்தாள், அப்படியே தார் ரோட்டில் குந்தி உட்கார்ந்தாள்.

கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு இருளாண்டி வந்தார். ரெஜினால்டின் காரில் வந்தவர், கதவைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்திருந்தார்.

"விழுந்துட்டாளா? பவானி, விழுந்துட்டாளா?"

"கண்ண நல்லா தொறந்து பாருங்க. உக்காந்திருக்கா."

"இல்ல, தரையில…"

"தரையில உக்காந்தா விழுந்ததா அர்த்தமா? இந்தா, நானும் உக்காந்திருக்கேன்." சொன்னபடியே பவானேஸ்வரி புடவையோடும் மஞ்சள் சட்டையோடும் மகள் பக்கத்தில் ரோட்டில் உட்கார்ந்தாள். "நான் விழுந்துட்டேனா? சொல்லுங்க."

இருளாண்டி நின்றார். மகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். உதடு ஈரமாக இருந்தது, கண்ணில் வெளிச்சம் இருந்தது, சிரிப்பு வரப் பார்த்தது.

"பா, அசாம்போய் கொட்டை தொண்டையில மாட்டியிருந்தா என்னா ஆயிருக்கும்?"

அவ்வளவுதான். ஐம்பது பேர் பார்க்க அந்த மனிதர் முழங்கால் மடித்து ரோட்டில் உட்கார்ந்தார். மகளின் ஈரத் தலையில் கை வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. விழல," என்றார்.

பவானேஸ்வரி தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையைத் துடைக்கிற மாதிரிதான் துடைத்தாள்.

அவர்களுக்கு முன்னால் வெள்ளை ஷூ போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்து பார்த்தால் தொப்பியும் கழுத்தில் விசிலுமாக ஒரு பெண்மணி. புவான் ரொஹானி. மூன்று பேரும் அவசரமாக எழுந்தார்கள். மோகனாவை மட்டும் அவர் கையமர்த்தி உட்காரச் சொன்னார்.

மலாயில், நிதானமாகப் பேசினார். "எட்டாவது கிலோமீட்டரில் நான் காரில் பின்னாலேயே வந்தேன். நின்று குடித்ததைப் பார்த்தேன். நின்றவள் திரும்ப ஓடுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஓடினாள், ஒருத்தியை முந்தியும் விட்டாள். நாலாவது இடத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. புதன்கிழமை ஸ்டேடியத்துக்கு வரட்டும்."

மோகனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது. பவானேஸ்வரி விடச் சொல்லவில்லை.

"ஒரு விஷயம்," என்றார் புவான் ரொஹானி. "பயிற்சிக்கு எடுப்பதற்கு முன்னால், தடை செய்த மருந்து ஏதாவது உடம்பில் இருக்கிறதா என்று ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்போம். இப்போது ரொம்பக் கண்டிப்பு. இவள் என்ன குடிக்கிறாள், என்ன மாவு, என்ன மாத்திரை, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். டின் இருந்தால் டின்னோடு கொண்டு வாருங்கள். நீங்களே சொன்னால் நான் பார்த்துக்கொள்வேன். மறைத்து வைத்துப் பிறகு தெரிந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது."

"உப்பும் சீனியும் நான் போட்டேன், புவான்," என்று பவானேஸ்வரி தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டாள்.

"அசாம்போய், குளுக்கோஸ் நான்," என்றார் இருளாண்டி அசடு வழிய.

புவான் ரொஹானி முதன்முதலாகச் சிரித்தார். அவர்களைத் தாண்டி நின்ற ஜெயமணியைப் பார்த்தார். ஜெயமணி வாயைத் திறக்கவில்லை. அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பெண்ணைப் பார்க்கப் போனார்.

இருளாண்டி மோகனாவைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அவர் நடையில் இருந்த துள்ளலைப் பார்த்துப் பவானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு திரும்பினால், ஜெயமணி திருதிருவென விழித்துக்கொண்டு நிற்கிறாள்.

"என்னாடி? நல்ல சேதி கேட்டும் மூஞ்சி இப்படி இருக்கு?"

"அண்ணி, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க."

பஸ்ஸுக்குப் போகிற வழியில், மோகனாவின் காதுக்கு எட்டாத தூரத்துக்கு அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

"அந்த டின்னு கம்பெனி டின்னுதான். உள்ள இருக்கற மாவு அது இல்ல அண்ணி. கம்பெனிச் சரக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. கூட்டத்துக்கு வர்ற ஒருத்தரு வேற மாவு குடுத்தாரு. டவுன்ல எடை தூக்கறவங்க, உடம்ப முறுக்கேத்தறவங்க சாப்பிடறதாம். பிளாஸ்டிக் பையில கட்டிக் குடுத்தாரு. நாந்தான் டின்ல கொட்டி வச்சேன். அதுல என்னா இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"இன்னைக்கு ரெண்டு கரண்டி. அவ்வளவுதான?"

ஜெயமணி தரையைப் பார்த்தாள்.

"ஒரு வாரமா காலையில வீட்டுக்கு வந்து அவ குடிக்கிற மைலோவுல கலந்து குடுத்துக்கிட்டிருக்கேன்."

பவானேஸ்வரிக்குக் கை ஓங்கிக்கொண்டு வந்தது. ஓங்கிய கை பாதியில் நின்றது. காலையில் குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே உப்பை அள்ளிப் போட்டதும் இதே கைதானே?

"அண்ணி, டின்ன ஆத்துல தூக்கிப் போட்டுடறேன். நாம சொன்னாத்தான தெரியும்? ஒண்ணுமே குடுக்கலன்னு சொல்லிருவோம். இல்லாட்டி புள்ளைக்குக் கெடைச்ச எடம் போயிரும்."

தூரத்தில் மோகனா பஸ் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குவளை தண்ணீர். யாரும் சொல்லாமலே அதை எடுத்து ஒரு வாய் குடித்தாள். அந்தப் பெண்ணின் முகத்தில் அத்தனை சந்தோஷத்தைப் பவானேஸ்வரி இதுவரை பார்த்ததில்லை.

"டின்னு ஆத்துக்குப் போகாது," என்றாள். "புதன்கிழம ஸ்டேடியத்துக்குப் போகும். நீயும் கூட வர்ற, நானும் வர்றேன், ஒங்கண்ணனும் வர்றாரு."

"எடம் போச்சுன்னா?"

"போனா, அடுத்த வருஷம் ஓடி வாங்கிக்குவா. எம்புள்ள ஒடம்புல என்னா ஓடுதுன்னு மொதல்ல எனக்குத் தெரியணும்டி."